ஒரு ஜிபி ரேமும் கிளாவரைப் பிள்ளையின் படமும்

போட்டோ எடிட்டிங் செய்ய எட்டு ஜிபி ரேம் போதுமா, பதினாறு வேண்டுமா என்று வத்தலக்குண்டில் புதிதாக ஸ்டுடியோ திறக்கப்போகும் பெண் ஒருத்தி போன வாரம் போனில் கேட்டாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி மூன்று வருஷம் கொடைக்கானல் ஸ்டுடியோவில் என்னோடு வேலை பார்த்தவள். எட்டில் ஓட்டலாம், ஆனால் மூச்சு வாங்கும், பதினாறு வாங்கு என்றேன். கல்யாண ஆல்பம், ஆளுயரப் பேனர் எல்லாம் செய்வதாக இருந்தால் முப்பத்திரண்டு. அதோடு ஹார்டு டிஸ்கில் கால்வாசி எப்போதும் காலியாகக் கிடக்கட்டும், ரேம் நிரம்பினால் சாஃப்ட்வேர் அங்கேதான் போய்ப் படுக்கும் என்று சொன்னேன்.

பதில் அவ்வளவுதான். ஆனால் போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. நான் ஒரு ஜிபி ரேமில் வேலை செய்தவன். அது பத்தாமல் போன ஒரு வியாழக்கிழமை மத்தியானம் நான் செய்த காரியத்தை என் வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. பழியை ரேமின் மேல் போடுவதற்காக இதை எழுதவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்கோ ஆடத் தெரியும் என்ற திமிர் இருந்தது. அதுதான் வினை.

நான் பழனிக்காரன். அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூசைச் சாமான் கடை. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகளைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன். அந்தத் தலைகளைக் குடும்பத்தோடு நிறுத்திப் படம் பிடிக்கும் ஸ்டுடியோ ஒன்றில் ரீடச்சிங் கற்றேன். நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் முகப்பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் மறைக்கிற வேலை. மூன்று வருஷம் பென்சில் சீவினேன், அப்புறம்தான் முகத்தைத் தொடவிட்டார்கள். நெகட்டிவ் ஒன்றே ஒன்றுதான். கை பிசகினால் கல்யாணமே போச்சு. அதனால் கை பிசகாது என்று எனக்குப் பேர் வந்தது. அந்தப் பேரைக் கேட்டுத்தான் கொடைக்கானல் முதலாளி என்னை மலைமேல் கூப்பிட்டுக்கொண்டார்.

கொடைக்கானலில் எனக்கு முக்கால்வாசிச் சோலி மூடுபனியோடுதான். ஊரிலிருந்து புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி வரும். தூண் பாறைக்கு முன்னால் கைகோத்து நிற்கும். பின்னால் பாறை இருக்காது, வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி பனி மட்டும் இருக்கும். சாயங்காலம் ஸ்டுடியோவுக்கு வந்து பாறை வேண்டும் என்பார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதற்கென்றே பனியில்லாத நாளில் எடுத்த பாறைப் படங்கள் நாற்பது வைத்திருந்தேன். காலை வெயில் பாறை, மாலை வெயில் பாறை, மழைக்குப் பின் பாறை. ஜோடியின் மேல் விழுந்த வெளிச்சத்துக்குத் தக்கதாக எடுத்து ஒட்டிக் கொடுப்பேன். இன்றைக்கும் எத்தனையோ வீட்டு வரவேற்பறையில் அவர்கள் பார்க்காத பாறை அவர்களுக்குப் பின்னால் நிற்கிறது.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் முதலாளியின் மருமகன் பிரபாகர். மதுரையில் கலர் லேபில் இருந்தவர். முதலாளிக்கு முடியாமல் போனதும் ஸ்டுடியோவை ஏற்றுக்கொண்டார். என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். அவர் என்னை ‘அண்ணே’ என்பார், நான் ‘தம்பி’ என்பேன். ஆனால் யார் யாருக்கு வேலை சொல்வது என்பதில் அவருக்குக் குழப்பமே இருந்ததில்லை. எனக்குத்தான் இருந்தது.

பிரபாகர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைப்பார். கம்ப்யூட்டர் ஒரு படத்தைச் சேவ் செய்துகொண்டிருக்கும்போது யாரும் பேசக்கூடாது, கீபோர்டைத் தொடக்கூடாது. எவ்வளவு ஆயிற்று என்று ஸ்கிரீனில் காட்டும் கோடு முழுசாக நிரம்பும் வரை இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோயிலில் தீபாராதனைக்கு நிற்பவர்கூட அப்படி நிற்க மாட்டார் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அவருடைய முறை இது. வாடிக்கையாளர் எதைக் கொண்டுவந்தாலும் முதல் வேலையாக அதை இரண்டு இடத்தில் நகலெடுக்க வேண்டும், ஒன்று வேறு டிஸ்கில், ஒன்று சிடியில். சிடியின் மேல் பேரும் ஊரும் எழுதிய பிறகுதான் படத்தைத் திறக்கலாம். திறந்ததும் அதற்கு ஒரு நகல் லேயர் எடுத்துக்கொண்டு, அடியில் கிடக்கும் லேயருக்கு ‘அசல்’ என்று பேர் வைத்துப் பூட்டிவிட வேண்டும். லேயர் என்பது கண்ணாடித் தாளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மாதிரி. மூக்கைத் திருத்துவது ஒரு தாளில், பின்னணி ஒரு தாளில். எந்தத் தாளை உருவினாலும் அடியில் அசல் அப்படியே கிடக்கும். வாடிக்கையாளர் படத்தை வாங்கிக்கொண்டு போய் ஒரு மாதம் ஆகும் வரை அந்த அடுக்கை அமுக்கி ஒன்றாக்கக் கூடாது. வேலையைச் சின்ன அளவில் முடித்துவிட்டுக் கடைசியில்தான் பெரிதாக்க வேண்டும்.

எனக்கு இதெல்லாம் கைநடுங்கிகள் செய்கிற வேலையாகப் பட்டது. நெகட்டிவிலேயே நேராகக் கைவைத்தவனுக்கு நகல் எதற்கு? அதுவும் அந்த மிஷினில் இருந்தது ஒரே ஒரு ஜிபி. அதில் விண்டோஸே மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும். பதினாறுக்கு இருபது அங்குலப் படம் என்றால் ஒரு லேயருக்கு எண்பது எம்பிக்கு மேல். ஏழெட்டு லேயர் போட்டு, செய்ததைத் திரும்ப எடுக்கும் வசதியையும் வைத்திருந்தால், மேற்கொண்டு ஒரு கோடு இழுக்க அரை நிமிஷம் காத்திருக்க வேண்டும். அதனால் பிரபாகர் இல்லாத நேரத்தில் நான் அசலின் மேலேயே வேலை செய்வேன், அவ்வப்போது அமுக்கிவிடுவேன். மிஷின் சொன்னபடி ஓடும். இரண்டு வருஷம் ஒரு பிசகும் வரவில்லை. பிசகு வராததுதான் பெரிய பிசகு என்று அப்போது தெரியவில்லை.

கொடைக்கானலுக்கும் மேலே இருக்கும் மேல்மலைக் கிராமங்களின் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாளில் மன்னவனூருக்கு அந்தப் பக்கம் வயசான பலருக்கு உயிரோடு இருக்கையில் எடுத்த படம் கிடையாது. செத்த பிறகு குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து ஒரு படம் எடுப்பார்கள். அதை எங்களிடம் கொண்டுவந்து கண்ணைத் திறந்து தரச் சொல்வார்கள். தம்பி கண்ணையோ மகன் கண்ணையோ எடுத்துப் பொருத்தி, பின்னால் நீலத்திரை போட்டுக் கொடுப்போம். நானே இருபது முப்பது பேருக்குக் கண் திறந்திருக்கிறேன். என் கைக்கு அதில் தனி மரியாதை உண்டு. மேல்மலைக் கோடியில் இருக்கும் கிளாவரையிலிருந்து சின்னராசு என்னைத் தேடி வந்ததும் அதனால்தான்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். ஒரு புதன்கிழமை காலை. சின்னராசு பூண்டு வெள்ளாமை செய்பவர், முப்பது வயதுகூட இருக்காது. கையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா. கூட ஆறு வயது மகள் செல்வி. கேமரா போளூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாருடையது. அதில் அவருடைய மகன் வேலுவின் படம் ஒன்று இருந்தது. மூன்று வயது. காய்ச்சலில் ஜீப்பில் கொண்டுவரும் வழியிலேயே போய்விட்டான். அன்றைக்கே அடக்கம் செய்துவிட்டார்கள்.

வேறு படமே இல்லையா என்று கேட்டேன். இல்லை. முதல் முடியைப் பழனியில் இறக்கும் வரை பிள்ளையைப் படம் எடுப்பதில்லை என்பது அந்த வீட்டு வழக்கம். முடி இறக்கி, காது குத்தி, அடிவாரத்தில்தான் முதல் படம். செல்விக்கும் அப்படித்தான் எடுத்தார்கள். வேலுவுக்கு நேர்ந்துவிட்ட முடி முதுகு வரை வளர்ந்திருந்தது. வெள்ளாமை முடியட்டும் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டிருந்தார்கள்.

அதைவிடப் பெரிய சங்கதி, பிள்ளையின் அம்மா பொன்னுத்தாய்க்கு இன்னும் தெரியாது. வயிற்றில் ஆபரேஷன் செய்து கீழே ஆஸ்பத்திரியில் இருந்தாள். தையல் பிரியும் வரை சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

“வெள்ளிக்கிழமை கூட்டியாரணும்ண்ணே. வாசல்ல கால வச்சதும் புள்ள எங்கன்னுதான் கேப்பா. செத்த மொகத்த எப்படி அவகிட்ட நீட்டுறது? கண்ணத் தொறந்து குடுத்துருங்க. சிரிக்க வேணாம், பாத்தாப் போதும்.”

அதைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. படத்தை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொன்றும் கேட்டார். வாத்தியாருக்கு அந்தக் கேமராவில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எடுக்க வேண்டியிருக்கிறதாம், இந்தப் படம் அதில் இருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு கேமராவில் அழித்துவிடச் சொன்னார். ஏற்றினேன். அழித்தேன். அவசரத்தில் இருந்தேனா என்றால் அதுவும் இல்லை. வெளியில் மழை, கடையில் கூட்டம் கிடையாது. இரண்டு நகல் எடுக்க ஐந்து நிமிஷம் போதும். சிடி தீர்ந்திருந்தது, வாங்கி வந்து போட்டுக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பிரபாகர் அன்றைக்கு ஊரில் இல்லை. ரேம் வாங்கத்தான் மதுரைக்குப் போயிருந்தார். முந்தின வாரம் ஒரு பேனர் வேலையில் மிஷின் நான்கு தடவை நின்றுபோய், கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்.

வேலையைத் தொடங்கினேன். வேலுவின் படம் காலை வெளிச்சத்தில் எடுத்தது, வெளிச்சம் அவனுக்கு இடப்பக்கம். அதனால் எங்கள் ஜன்னல் செல்விக்கும் இடப்பக்கம் வரும்படி அவளைத் திருப்பி உட்காரவைத்தேன். மழை வெளிச்சம் மெத்தென்று இருந்தது. அவளை நேராகப் பார்க்கவைக்காமல் கொஞ்சம் தாழ்த்திப் பார்க்கச் சொல்லி ஆறு படம் எடுத்தேன். நான்காவது படம் சரியாக வந்தது. கண்ணைப் பொருத்துவதில் பலர் செய்யும் தப்பு வெள்ளை விழியை வெள்ளையாகவே விடுவது. பிள்ளைகளுக்கு அதில் கொஞ்சம் நீலம் ஓடும். மேலிமையின் நிழல் விழியின் மேல் ஒரு மயிரிழை விழ வேண்டும், இல்லாவிட்டால் பொம்மைக் கண் ஆகிவிடும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரம் மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் ஒன்றல்ல. எல்லாம் செய்தேன். முகத்தில் துடைக்க வேண்டியதைத் துடைத்தேன். பின்னணி மாற்றினேன், சிவப்புச் சட்டை போட்டேன். பெரிய படமாகக் கேட்டிருந்ததால் தொடங்கும்போதே பதினாறுக்கு இருபதாகப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். இமையின் ஒவ்வொரு முடியும் தெரியும் அளவுக்கு ஸ்கிரீனில் விரித்து வைத்து, புதன் முழுக்கவும் வியாழன் காலையும் அந்த முகத்திலேயே கிடந்தேன்.

வியாழக்கிழமை பன்னிரண்டரைக்கு மிஷின் நின்றது. அதுவரை ஒரு தடவைகூடச் சேவ் செய்திருக்கவில்லை, ராத்திரி மிஷினை அணைக்காமலே விட்டிருந்தேன். சேவ் கொடுத்தால் மெமரி போதவில்லை என்று எழுதிக் காட்டியது. மற்ற புரோகிராமை எல்லாம் மூடினேன். மறுபடியும் அதையே காட்டியது. கிளாவரை பஸ் இரண்டரைக்கு. முந்தின நாளே செல்வியையும் கேமராவையும் ஊரில் சேர்த்துவிட்டுத் திரும்பி வந்த சின்னராசு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மதுரைக்குப் போன் போட்டேன்.

பிரபாகர் முதலில் கேட்டது இதுதான். “அசலைத் தனியா எடுத்து வெச்சிட்டீங்களாண்ணே?”

“எடுத்தாச்சு தம்பி” என்றேன்.

அப்படியானால் அவசரப்பட வேண்டாம், எட்டுக்குப் பத்தில் சின்னதாக ஒன்று செய்து இப்போதைக்குக் கொடுத்தனுப்புங்கள், பெரிய படத்தை நான் ரேம் போட்ட பிறகு அனுப்பலாம், அடுக்கை மட்டும் அமுக்காதீர்கள் என்றார். சரி என்றேன். சின்னதாகச் செய்ய வேண்டுமானால் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒன்றரை நாள் வேலை. இந்தக் கண்ணை இன்னொரு தடவை இவ்வளவு சரியாக வைக்க முடியுமா என்று எனக்கே பயம். எல்லா லேயரையும் அமுக்கி ஒன்றாக்கினேன். சேவ் கொடுத்தேன். லேயர் இருந்தால் அந்த சாஃப்ட்வேர் வேறு பேர் கேட்கும். ஒன்றாக்கிவிட்டால் எதுவும் கேட்காமல் பழைய ஃபைலின் மேலேயே எழுதிவிடும். எழுதிவிட்டது. கோடு சொன்னபடி நிரம்பியது, நான் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டுக் கொடுத்தேன். சின்னராசு துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் பிரபாகர் வந்தார். பெட்டியைத் திறந்து புது ரேமைச் செருகினார். நன்றாக ஓடியது. வேலுவின் படத்தைப் பார்க்க வேண்டும் என்றார். திறந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார், நல்ல வேலை என்றார். பிறகு அசலைக் காட்டச் சொன்னார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. “நெகட்டிவையே கழுவி விட்டுட்டீங்கண்ணே” என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளனே மோட்டார் சைக்கிளில் போளூருக்குக் கிளம்பினார். மழையில் நாற்பது கிலோமீட்டர். கேமராவின் கார்டில் அழித்த படத்தை மீட்டுவிடலாம், மேலே வேறு படம் விழாமல் இருக்க வேண்டும். வாத்தியார் வியாழக்கிழமையே பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் கார்டு நிறைய எடுத்துத் தள்ளியிருந்தார். எங்கள் ஹார்டு டிஸ்கிலும் தேடினோம். ரேம் பத்தாதபோது சாஃப்ட்வேர் தன் மூட்டை முடிச்சை அங்கேதான் இறக்கியிருந்தது, பழைய தடம் எல்லாம் அதன் அடியில் போய்விட்டது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அந்த வாரம் முழுக்க நான் அதைத்தான் செய்தேன். ஆனாலும் மனசின் ஒரு மூலையில், படம் நன்றாகத்தானே வந்திருக்கிறது, அசலை யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு தைரியம் இருந்தது.

பத்து நாள் கழித்துப் பொன்னுத்தாய் வந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். பின்னால் சின்னராசு. துண்டில் சுற்றிய பிரேமை மேஜையில் வைத்துத் தானே பிரித்தாள்.

“நல்லாத்தாண்ணே இருக்கு. ஆனா இது செல்வி கண்ணு. எனக்குத் தெரியாதா? வீட்டுல அவளும் பாக்குறா, செவத்துல அவளே பாக்குறா. எங்க பாத்தாலும் செல்விதான் தெரியுறா, அவன் வர மாட்டேங்குறான்.”

பிறகு கண்ணை மூடித் தரச் சொன்னாள். எடுத்தபோது இருந்தபடியே வேண்டும் என்றாள். அவன் உயிரோடு இருந்த முகம் அவளுக்குள் இருக்கிறது, அதற்குப் படம் தேவையில்லை. அவள் பார்க்காதது அந்தக் கடைசி முகம் ஒன்றுதான். ஊரே பார்த்திருக்கிறது, பெற்றவள் பார்க்கவில்லை. புருஷனிடம் கேட்டால் தூங்குகிற மாதிரி இருந்தான் என்கிறார், மாமியாரும் அதையே சொல்கிறார், எல்லோரும் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள் என்றாள். இவ்வளவையும் அழாமல் சொன்னாள்.

நான் இரண்டு நாள் டயம் கேட்டேன். பிரபாகர் என்னை உள்ளே கூப்பிட்டார். என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். மூடிய இமையை வரைந்துவிடலாம் என்றேன். உண்மையிலேயே என்னால் முடியும். அந்த முகத்தின் ஒவ்வொரு ரோமமும் எனக்கு மனப்பாடம். இப்போது ரேமும் இருக்கிறது. உலகத்தில் ஒருத்தராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

“அந்தம்மா பாக்காத மொகம்ண்ணே அது. நீங்க எத வரைஞ்சு நீட்டுனாலும் அதான்னு நம்பிருவாங்க. அதனாலதான் வேணாங்கிறேன்.”

நான் சொல்லிவிடுகிறேன் என்று அவர் எழுந்தார். வேண்டாம் தம்பி என்று நானே வெளியே வந்தேன். முப்பது வருஷ வேலையில் அந்த எட்டடி தூரம் நடந்ததுதான் எனக்குக் கஷ்டமான வேலை.

அவளுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சொன்னேன். மிஷின், மெமரி என்று ஆரம்பித்தேன். அவளுக்கு அது புரியவில்லை, புரிய வேண்டியதும் இல்லை. அதை விட்டுவிட்டு நேராகவே சொன்னேன். “மூடுன கண்ணோட இருந்த படம் இப்ப இல்லம்மா. அது ஒண்ணுதான் இருந்துச்சு. எடுத்து வெக்கச் சொல்லியிருந்தாங்க, நான் எடுத்து வெக்கல. நான்தான் அழிச்சேன்.”

சின்னராசு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். பொன்னுத்தாய் என்னைத் திட்டுவாள், பிரேமைத் தூக்கி எறிவாள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் எறியவில்லை. பிறகு கேட்டாள்.

“நீங்க எத்தன நேரம்ண்ணே அவன் மொகத்தப் பாத்தீங்க?”

ஒன்றரை நாள் என்றேன்.

“அப்பச் சொல்லுங்க. தூங்குற மாதிரின்னு சொல்லாம, பாத்தபடி சொல்லுங்க.”

நான் தடுமாறினேன். ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்ததெல்லாம் நான் துடைத்து எடுத்தவைதான். அழகாக இருந்ததை நான் தொடவே இல்லை. அழுக்கு, கறை என்று நினைத்ததைத்தான் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து அழித்தேன். அதையே சொன்னேன். நெற்றியில் திருநீறு யாரோ கட்டைவிரலால் இழுத்தது, இடப்பக்கப் புருவத்தின் மேல் வழிந்திருந்தது. முடியை உச்சியில் சேர்த்துப் பச்சை ரப்பர் பேண்டு போட்டிருந்தார்கள், காதுப் பக்கம் நான்கைந்து முடி ஈரத்தோடு கன்னத்தில் ஒட்டிக்கிடந்தது. வலது கன்னத்தில் முள் கீறிய கோடு ஒன்று, ஆறத் தொடங்கிய கோடு. பூண்டுக் காட்டில் விழுந்தான் என்றாள், மேலே சொல்லச் சொன்னாள். உதட்டோரத்திலிருந்து நாடி வரை பால் வழிந்து காய்ந்திருந்தது. வாய் கொஞ்சம் திறந்து, கீழே இரண்டு பல் தெரிந்தது. நகத்துக்குள் மண் இருந்தது.

“கழுத்துக்குப் பின்னாடி ஒரு கை இருந்துச்சும்மா. தல சாயாம யாரோ பின்னால இருந்து தாங்கியிருந்தாங்க. நாலு வெரல் தெரிஞ்சுச்சு. அத நான் அழிச்சேன்.”

“யார் கையி?”

“தெரியலம்மா. வெரல்ல செம்பு மோதிரம் இருந்துச்சு.”

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். சின்னராசு கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். பிறகு கொண்டுபோக வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, முன்னால் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். “மொகத்த நான் அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன் பொன்னு, பாக்கல” என்றார். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கண்ணு?” என்று என்னிடம் கேட்டாள்.

அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்திருந்தேன். மூடியிருந்தது என்று சொன்னால் முடிந்துபோகும். ஆனால் பார்த்தபடி சொல்லச் சொல்லியிருந்தாள்.

“வலது கண்ணு மூடியிருந்துச்சு. இடது கண்ணு முழுசா மூடலம்மா. நூலளவு தொறந்திருந்துச்சு, அடியில வெள்ள தெரிஞ்சுச்சு.”

“ஆமா” என்றாள். “அவன் அப்படித்தான் தூங்குவான்.”

அப்போதுதான் அழுதாள். வயிற்றில் தையல் போட்ட இடத்தை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதாள். சின்னராசு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளறை வாசலில் பிரபாகர் நின்றிருந்தார். நான் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தேன். குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“மொதல்ல இருந்து இன்னொருக்கச் சொல்லுங்கண்ணே” என்றாள்.

நெற்றித் திருநீற்றிலிருந்து தொடங்கினேன்.